கடலோரச் சுவரில் ஒரு சீலை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீட்டின் முன்மண்டபத்துக்குள் நுழைந்தால், வாசலுக்கு எதிர்ச்சுவரில் பெரும்பாலும் ஒரு துணி தொங்கும். கறுப்பு வெல்வெட். அதில் பொன்னிறத்தில் கஃபா, பக்கத்தில் மதீனாவின் பச்சைக் குவிமாடம், அடியில் மஞ்சள் குஞ்சம். வேலைக்காக சவூதிக்கோ கட்டாருக்கோ போன ராத்தா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, அல்லது ஹஜ்ஜுக்குப் போய் வந்த மாமா தந்தது. கொண்டுவந்த சூட்டோடு நாலு மூலைக்கும் நாலு ஆணி அடித்து மாட்டியாயிற்று. மூன்று மாரி கழிந்தபின் அதே துணியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆணித் தலையைச் சுற்றிச் செம்மஞ்சள் வட்டமாகக் கறள். இரண்டு ஆணிக்கு நடுவே தொய்வு. கீழ் விளிம்பில் பூஞ்சணப் புள்ளிகள். ஜன்னல் பக்கத்துப் பாதியில் கறுப்பு மண்ணிறமாக வெளிறியிருக்கும்.

துணி மேல் குற்றம் இல்லை. மாட்டிய விதம் இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் துணி மாட்டுவது பற்றி வரும் வீடியோக்களும் அழகுக் குறிப்புகளும் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. ஐரோப்பியக் கோட்டைகளில் கனத்த சித்திரக் கம்பளங்களைச் சுவரெங்கும் தொங்கவிட்டதற்கு ஒரு காரணம், கல்சுவரின் குளிர் அறைக்குள் ஏறாமல் தடுப்பது. நமக்கோ கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, நடுவில் நெருக்கமாகக் கட்டிய வீடுகள். சூட்டை உள்ளே பிடித்து வைக்க நமக்குத் தேவையே இல்லை. உப்பு, ஈரம், வெயில், புழுதி ஆகிய நாலோடும் ஒத்துப்போகிற துணியும், அதை வேண்டும்போது இறக்கக்கூடிய ஏற்பாடும்தான் வேண்டும். ஆகவே எந்தத் துணியை மாட்டுமுன்னும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வீட்டில் இருக்கிற ஒரு ஆள், மேசனையோ சுத்தியலையோ தேடாமல், ஒரு நிமிஷத்துக்குள் இதைக் கழற்றிவிட முடியுமா? முடியாதென்றால் அந்த ஏற்பாடு பிழை.

முதலில் உப்பைப் பற்றி. மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியும். காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். நமது கரையில் பெரும்பாலான இரவுகளில் அந்த எல்லை தாண்டப்படுகிறது. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்பு துணியின் இழைகளுக்குள் படிந்துவிட்டால், மழையே பெய்யாத இரவிலும் துணி லேசாக நனைந்துதான் இருக்கும். பகலில் காயும், இரவில் மறுபடி ஈரமாகும். இந்த ஈரத்தில் இரும்பு ஆணி கறள் கட்டும், தூசி ஒட்டும், பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரை வீதியில் உள்ள வீட்டுக்கு இது கூடுதல். பிரதான வீதிக்கு மேற்கே வயல் ஓரத்தில் உள்ள வீட்டுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் அங்கே புழுதி அதிகம்.

எந்தச் சுவர் என்பது அடுத்த கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் முதற் கேள்வி. துணியின் நிறமும் அளவும் பிறகுதான். கார்த்திகை தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை கடற்பக்கத்திலிருந்துதான் அடிக்கும். ஆகவே வீட்டின் கிழக்கு வெளிச்சுவர் அந்த மாதங்களில் முழுக்க நனைந்து, உட்பக்கம் காயவே மாட்டாது. மேற்கு வெளிச்சுவருக்கு வேறு தொல்லை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வயற்புழுதியைக் கொண்டுவரும், பின்நேர வெயிலும் அந்தப் பக்கம்தான். மிஞ்சுவது இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவர். வெளி மழை அதில் படாது, இரண்டு பக்கமும் காற்று உண்டு. துணிக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். குளியலறைக்கு முதுகு காட்டும் சுவர் மட்டும் வேண்டாம். குழாய் கசிவது முதலில் துணிக்குத்தான் தெரியும்.

உட்சுவரிலும் நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி வரை அத்திவாரத்து ஈரம் ஏறுவதுண்டு. பூச்சு பொருக்கு விட்டு, வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தட்டினால் மாவாக உதிர்கிற இடம் இருந்தால், அந்த மட்டத்துக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. சுவரில் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீன் ஒன்றை வெட்டி, நாலு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியில்லாமல் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு முழு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால், அல்லது அந்த இடத்தில் பெயின்ட் கறுத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. அங்கே வேறெதையும் மாட்டலாம், துணி வேண்டாம். இந்தச் சோதனையை மாரியில் செய்வதுதான் பயன்; ஆவணி மாதத்தில் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான்.

வெளிச்சத்தைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. நூதனசாலைகளில் பழைய துணிகளுக்கு விடும் வெளிச்சம் 50 லக்ஸ் அளவு மட்டுமே. உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். சாயம் வெளிறினால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே கிடையாது; ஈரம் காயும், அழுக்குப் போகும், வெளிறியது வெளிறியதுதான். ஆகவே உட்சுவரிலும் ஜன்னலுக்கு நேர் எதிரான இடத்தை விட்டு, நேர் வெயில் படாத பக்கவாட்டுப் பகுதியில் மாட்டுங்கள். பார்வைக்கும் அது கெடுதல் இல்லை.

இப்போது மாட்டுவது. முஸ்லிம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சீலையிலிருந்தே தொடங்கலாம். கஃபாவின் கிஸ்வா சுமார் 14 மீற்றர் உயரம், கனத்த கறுப்புப் பட்டு, வெள்ளி, பொன் இழை வேலைப்பாடு. பாலைவனக் காற்று அடிக்கிற வெட்டவெளியில் அது எப்படி நிற்கிறது? மேல் விளிம்பு கூரையோடு கயிறுகளால் கட்டப்படுகிறது. கீழ் விளிம்பு, கஃபாவின் அடிக்கட்டில் பதித்த வளையங்களில் பிணைக்கப்படுகிறது. பாரம் ஓரிரு புள்ளியில் விழாமல் விளிம்பு நெடுகப் பரவுகிறது, அடியும் காற்றில் அடிபடுவதில்லை. ஹஜ் காலத்தில் கூட்டத்தின் கை படாமலிருக்கக் கீழ்ப்பகுதியைச் சுமார் 3 மீற்றர் உயர்த்திக் கட்டி, அந்த இடத்தில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் கழற்றிப் புதியதைப் போர்த்துகிறார்கள். முன்பு துல்ஹஜ் பிறை 9இல் நடந்த இந்த மாற்றம் 2022 முதல் முஹர்ரம் முதலாம் பிறையில் நடக்கிறது. கழற்றப்படுவதற்கென்றே மாட்டப்படும் சீலை அது.

நம் வீட்டுச் சின்னத் துணிக்கும் இதே கணக்குத்தான்: மேல் விளிம்பு முழுவதும் பாரத்தைத் தாங்க வேண்டும். அதற்கு எளிய வழி கம்பி நுழையும் உறை. மூன்று அங்குல அகலத்தில் ஒரு பருத்தித் துணிப் பட்டியை எடுத்து, துணியின் பின்பக்கம், மேல் விளிம்பிலிருந்து அரை அங்குலம் தள்ளி, அகலம் முழுக்க வைத்துத் தையுங்கள். மெஷினில் வேண்டாம், கைத்தையல். ஊசி முன்பக்கம் வெளியே தெரியாமல் பின் இழைகளை மட்டும் பிடிக்க வேண்டும். பட்டியை இறுக்கமாகத் தைத்தால் உள்ளே போகும் கம்பி முன்பக்கம் முட்டித் தெரியும். ஒரு விரல் புகும் அளவு தளர்வு விட்டுத் தைத்தால் முன்முகம் சமதளமாக விழும். இரண்டு முனையும் திறந்தே இருக்கட்டும். துணி ஐந்து அடிக்கு மேல் அகலமென்றால், பட்டியை இரண்டு துண்டாகத் தைத்து நடுவில் இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். நடுக் கொளுக்கி அங்கே கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே போடும் கம்பி எது? இரும்பு மட்டும் வேண்டாம், பெயின்ட் அடித்ததானாலும் வேண்டாம். திரைச்சீலைக்கு விற்கும் அலுமினியக் குழாய் நல்லது. மூன்று நாலு அடித் துணிக்கு வயர் இழுக்கப் பாவிக்கும் பீவீசீ பைப் போதும்; அதற்கு மேல் போனால் வளையும். மூங்கில் அழகு, ஆனால் நன்கு காய்ந்து வார்னிஷ் பூசியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது உளுத்து, மா துணியில் கொட்டும். பச்சை மரச் சட்டம் கறை விடும்.

கம்பி தாங்கும் பிடிகளுக்கு இரண்டு ரோல் பிளக், இரண்டு ஸ்குரூ. ஹார்ட்வெயார் கடையில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். பளபளவென்று இருக்கிற முலாம் பூசிய ஸ்குரூவைக் காட்டி ‘இதுவும் கறள் பிடிக்காது’ என்பார்கள். வயற்பக்கம் சில வருடம் தாங்கலாம், கடற்கரை வீதியில் தாங்காது. வித்தியாசம் சில ரூபாய்கள்தான், துணியில் இறங்கிய கறளோ சவர்க்காரத்துக்குப் போகாது. துளை போடும்போது பூச்சு மட்டும் மாவாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் அது உப்பு தின்ற இடம். சற்று மேலே போய்ப் போடுங்கள். நாலுக்கு ஆறு அடிக் கைத்தறித் துணி அரைக் கிலோ அளவில்தான் இருக்கும், ஆகவே பாரத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கனத்த கம்பளம் என்றால் மட்டும் கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்கிய பிளக் வேண்டும்.

வெல்க்ரோவும் நல்ல வழி. நூதனசாலைக்காரர்கள் பெரிய துணிகளுக்கு அதைத்தான் பெரும்பாலும் பாவிக்கிறார்கள்: மெதுவான பக்கத்தைத் துணியில் தைப்பது, கொக்கிப் பக்கத்தை மரச் சட்டத்தில் அடித்துச் சட்டத்தைச் சுவரில் பொருத்துவது. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பிய்த்து மறுபடி ஒட்டிச் சரிபார்க்கலாம். கழற்றுவதற்கு ஒரு இழுப்பு. தையல் சாமான் கடைகளில் யார் கணக்கில் கிடைக்கும்.

துணிக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை காற்று ஓட இடம் விடுங்கள். திரைச்சீலைப் பிடிகள் அந்த இடைவெளியைத் தாமாகவே தரும். அடி விளிம்பு சுவரில் ஒட்டினால் பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒரு றப்பர்த் துண்டைத் தைத்துவிடலாம். அடியில் துணி ஆடாமலிருக்க மெல்லிய அலுமினியப் பட்டையொன்றை மடிப்புக்குள் செருகினால் போதும். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கரையில் எங்கும் கிடைக்கிறதே என்று அதைத் தைப்பவர்கள் உண்டு. ஈயம் பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டிய பொருள் அல்ல.

உயரத்துக்கு ஒரு வார்த்தை. படக் கண்காட்சிகளில் படத்தின் நடுவைத் தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. நம் வீட்டில் துணியை நாம் உட்கார்ந்துதான் பார்க்கிறோம், ஆகவே சற்று இறக்கலாம். ஆனால் கதிரைக்கோ செட்டிக்கோ பின்னால் மாட்டுவதென்றால் தலை சாய்கிற மட்டத்துக்கு ஏழெட்டு அங்குலம் மேலே நிறுத்துங்கள். தேங்காயெண்ணெய் வைத்த தலை ஒரு மாதம் சாய்ந்தால் போதும், அந்தக் கறைக்குப் பிறகு துணியைப் பார்க்கிறவர்கள் கறையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

சரி, எந்தத் துணி? வளைகுடாவிலிருந்து வரும் வெல்வெட் அநேகமாக பொலியெஸ்டர். பூச்சி தின்னாது, ஈரம் அதிகம் குடிக்காது; இந்தக் காற்றுக்கு உண்மையில் பொருத்தமான துணிதான். நெருப்புக்கு மட்டும் ஆகாது, உருகிச் சொட்டும். அயன் பெட்டியும் ஆகாது. மடிப்புத் தழும்பு இருந்தால் சுடுநீரில் குளித்து முடித்து ஆவி நிற்கும் அறையில் சற்று நேரம் தொங்கவிட்டு, உள்ளங்கையால் மயிர் படிந்திருக்கும் திசையில் தடவிவிட்டால் போகும்.

ஆனால் கல்முனையில் இருந்துகொண்டு சுவருக்குத் துணி தேடுபவர், மட்டக்களப்புப் பக்கமாகச் சில கிலோமீற்றர் போனால் மருதமுனை வந்துவிடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தறிச் சத்தம் கேட்கிற ஊர்; சாரனுக்கும் சாரிக்கும் நாடெங்கும் பெயர் போனது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது பல தறிகளும் நூலும் அள்ளுப்பட்டுப் போயின. ஆனாலும் அங்கே நெசவு நிற்கவில்லை. நிந்தவூரிலும் தறிகள் உண்டு. சுவருக்கு என்று தனியாக நெய்வது குறைவு, அதனால் என்ன? தைத்து மூட்டாத ஒரு சாரன் துணி, பெரிய கட்டமோ கரைக்கோடோ உள்ளது, வெள்ளைச் சுவரில் நேராகத் தொங்கினால் அதைவிட எடுப்பான சோடனை எனக்குத் தெரியவில்லை. சாரியின் முந்தானையை மட்டும் தனியாக எடுத்து மாட்டுவோரும் உண்டு. கொழும்பில் பார்பரா சன்சோனி 1960களில் தொடங்கி வளர்த்த கைத்தறி வேலை, தூய நிறக் கோடுகளுக்குப் பெயர் போனது. நமது சாரன் கரைகளில் அந்தக் கோடுகள் எப்போதும் இருந்தவை.

கைத்தறித் துணி வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று கஞ்சி. நெய்யும்போது பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி ஏற்றுவார்கள். புதுத்துணி அந்த மொரமொரப்போடு மாட்டினால் மிக அழகாக நிற்கும். அப்படியே விடத்தான் ஆசை வரும். ஆனால் புத்தக அலமாரிகளில் ஓடுகிற வெள்ளி நிறப் பூச்சிக்கு மாப்பொருள்தான் தீனி, பூஞ்சணத்துக்கும் அதுதான். கஞ்சி போகும்வரை இரண்டு தரம் அலசிக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள். விறைப்புக் குறைந்தால் பின்னால் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை அஸ்தராகத் தைக்கலாம். புழுதியும் ஈரமும் முதலில் அதற்குத்தான் போகும், நல்ல துணிக்கு அல்ல.

இரண்டாவது, நூலின் திசை. நீளப் போக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே போகும் ஊடையை விட முறுக்கும் பலமும் கூடியது. பாவு மேலிருந்து கீழாக வரும்படி தொங்கவிட்டால் துணி தொய்வது குறையும். சாரனை இடுப்பில் கட்டும்போது பாவு உடம்பைச் சுற்றிப் படுக்கையாக ஓடுகிறது. சுவரில் அதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும், கோடுகளும் வேறு விதமாக விழும். மாட்டுமுன் தரையில் விரித்து இரண்டு விதமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் வேறு பக்கங்களிலும் சுவருக்கு ஏற்றவை உண்டு. கண்டிப் பக்கம் தும்பறையில், ஹேனவல போன்ற ஊர்களில், ‘ஹண’ என்கிற செடியின் நாரில் சாயம் ஏற்றி நெய்யும் தும்பறைப் பாயை யுனெஸ்கோ 2021இல் மனிதகுல மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நார் விறைப்பானது, சுவரில் தொய்யாது. பத்திக் துணியை வீட்டுச் சோடனைக்கும் கட்டடக் கலைக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஏனா டி சில்வா. ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையை நிறைத்தது அவருடைய பத்திக். இவற்றில் யானை, மயில், அன்னம் அடிக்கடி வரும். நமது வீடுகளில் உயிருள்ளவற்றின் உருவத்தைச் சுவரில் மாட்டுவதில்லை என்பதால், கட்டமும் கொடியும் பூவும் உள்ளதைக் கேட்டு வாங்குவதுதான் வழக்கம்.

மார்க்கத்தின் பக்கம் வந்தோமானால், படம் இல்லாத துணியையும் சுவருக்குப் போர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி பழையது. ஆயிஷா நாயகி ஒரு துணியை வாசலில் தொங்கவிட்டதையும், பயணம் முடிந்து வந்த நபி (ஸல்) அவர்கள் அதில் விருப்பம் காட்டாமல் இழுத்து அகற்றி, கல்லுக்கும் மண்ணுக்கும் உடை போர்த்தச் சொல்லி நமக்குக் கட்டளையில்லை என்ற கருத்தில் பேசியதையும், அந்தத் துணி பின்பு ஈச்சநார் அடைத்த இரண்டு தலையணைகளாக ஆனதையும் ஸஹீஹ் முஸ்லிம் கிரந்தம் பதிவு செய்கிறது. இந்த நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (மறைவு 1277) இதை ஹராம் என்று கொள்ளவில்லை, மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்ற அளவில் வைத்தார். கடுமையாகச் சொன்ன அறிஞர்களும் இருந்தார்கள். இக்கால உலமாக்களிடமும் கருத்து வேற்றுமை உண்டு. சந்தேகம் உள்ளவர் தம் ஊர்ப் பள்ளி ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. ஒரு துணியை அளவாக மாட்டுவதற்கும் நாலு சுவரையும் போர்த்துவதற்கும் உள்ள தூரத்தை மட்டும் நான் கவனிக்கச் சொல்வேன். ஆயத்துகள் தைத்த துணியென்றால் கால் நீட்டுகிற பக்கமோ, தூசி படிந்து கேட்பாரற்றுக் கிடக்கிற மூலையோ ஆகாது என்பது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது.

துணியால் அறைக்கு வரும் பயன் கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும்தான். டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், கொங்கிரீட் தட்டு என்று கட்டிய புது வீடுகளில் பேச்சு எதிரொலித்துக்கொண்டே இருக்கும். நாலு பிள்ளைகள் கூடினால் ஒருவர் சொல்வது ஒருவருக்கு விளங்காது. தடித்த துணியொன்று, பின்னால் காற்று இடைவெளியோடு தொங்கினால் கீச்சுச் சத்தங்களை ஓரளவு குடித்துவிடும். சற்று மடிப்பு விட்டுத் தொங்கினால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரின் உறுமலுக்கு மட்டும் துணி மருந்தல்ல. தாழ்ந்த சத்தம் அதை ஊடுருவி வரும்.

தொல்லையும் உண்டு. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் வீட்டுக்குள் இருட்டான இடங்களில், தொங்கும் துணிகளின் பின்னால், இளைப்பாறும். கறுப்பு வெல்வெட் அதற்கு நல்ல விடுதி. இரண்டு நாளைக்கு ஒருமுறை அடி விளிம்பைப் பிடித்து உதறிவிடுங்கள். பல்லி முட்டையும் குளவிக் கூடும் இருந்தால் அப்போதே தெரியும். நுளம்புத் திரியைத் துணிக்கு அடியில் வைக்கவே கூடாது. வெள்ளி இரவு சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போகும்போதும் துணியிலிருந்து கை நீளம் தள்ளி நடக்க வேண்டும். ப்ளக் பொயின்ட்டையும் சுவிட்ச் போர்டையும் மறைத்துத் துணி போடுவதை எந்த அழகுக்காகவும் செய்யாதீர்கள்.

இனிக் கழற்றுவது. நமது பக்கத்தில் சீலை கட்டுவது எப்போதுமே சில நாள் காரியம். கலியாண வீட்டில் மணவறையைச் சாரிகளால் சோடிப்பதும், பக்கத்துத் தமிழ் ஊர்களில் விசேஷத்துக்கு மேற்கட்டி போட்டு வெள்ளை கட்டுவதும் வேலை முடிந்ததும் இறங்கிவிடும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் ஏற்றும் கொடிகூடப் பன்னிரண்டு நாளில் இறங்குகிறது. தஞ்சைக் கோயில்களின் தொம்பைகளும் வாசமாலைகளும் திருவிழாத் துணிகளே. பிரான்சின் பாயூ நகரின் பெயரைக் கொண்ட, 70 மீற்றர் நீளத்துக்குச் சற்றே குறைந்த நூல்வேலைச் சீலையொன்று ஏறத்தாழ 950 வருடமாக நிலைத்திருக்கிறது. 1476ஆம் ஆண்டின் பட்டியலொன்று அதை அந்த நகரின் தேவாலயத்தில் வருடத்தில் ஒரு திருநாளையொட்டிய நாட்களில் மட்டுமே தொங்கவிட்டதாகச் சொல்கிறது. மற்ற நாளெல்லாம் வெயிலும் காற்றும் படாமல் அது உள்ளே இருந்தது.

எங்கள் மூத்தம்மாவின் வழக்கமும் இதுதான்: “மழ தொடங்கிட்டு மனே, கழட்டிச் சுருட்டி வை. பெருநாளைக்கு மாட்டுவம்.” மாரி தொடங்குமுன் ஐப்பசியில் கழற்றி, மாசியில் மறுபடி மாட்டுவது இந்தக் கரைக்குப் பொருந்தும். அந்த மாதங்களில் சுவர் வெறுமையாக இருப்பது பிடிக்காவிட்டால், ஒரு பன்பாயை மாட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டு துணியை மாற்றி மாற்றி.

கழுவும்போது குழாய்த் தண்ணீர். உப்புச் சுவையுள்ள கிணற்று நீரில் அலசினால், அகற்ற வேண்டிய உப்பையே துணிக்கு மறுபடி ஊட்டுகிறோம். சாயம் நிற்க உப்புநீரில் ஊறவைக்கச் சொல்லும் பழக்கமும் அதே காரணத்தால் வேண்டாம். இன்றைய கைத்தறிச் சாயங்களுக்கு அதனால் பயனும் இல்லை. முதலில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறம் இறங்கினால் வீட்டில் கழுவாமல், நிழலில் உதறி மென்மையான தூரிகையால் தட்டுவதோடு விட்டுவிடுங்கள். காய்வதும் நிழலில்தான். சுருட்டுவதற்கு அகலமான பீவீசீ பைப்பொன்றில் முதலில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றி, அதன்மேல் வெல்வெட்டின் மயிர்ப்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்ட வேண்டும். மடித்து அலுமாரியில் அடுக்கினால் மடிப்புத் தடம் நிரந்தரமாகிவிடும். முழுதும் காயாமல் எதையும் சுருட்டாதீர்கள். பொலித்தீன் உறையிலும் போடாதீர்கள், பருத்தி உறை போதும். பூச்சி உருண்டையைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தவிர்த்துவிடுங்கள்.

கூலி வீட்டில் இருப்பவர்கள் சுவரில் துளை போட முடியாது. ஒட்டும் கொக்கிகள் டைல்ஸில் நிற்கும். சுண்ணாம்பு பூசிய சுவரிலோ உப்புப் பூத்த பூச்சிலோ மேல்தோலோடு உரிந்து விழும். கதவு நிலைக்கு மேலேயும் ஜன்னல் கிராதியிலும் ஏற்கெனவே திரைச்சீலைக்குப் போட்ட கொக்கிகள் பெரும்பாலும் இருக்கும். அவற்றுக்கிடையே ஒரு நைலோன் கயிறு கட்டித் துணியை அதிலேயே கம்பியோடு கோக்கலாம். அதுவும் இல்லையென்றால் தச்சரிடம் சொல்லி ஒரு மரச் சட்டம் அடித்து, துணியை அதில் இழுத்துத் தைத்து, அலுமாரிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். வீடு மாறும்போது சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போகவும் வசதி.